வில்லனுக்குக் கூடுதலாக ஒரு வரி

மேடையில் நான் செத்தபோதெல்லாம் அழாத ஒரே ஆள் அந்த அக்காதான்.

எழுபதுகளில், ஊர் இன்னும் பூனாவாக இருந்த காலத்தில், எங்கள் தமிழ் நாடகக் குழு வருஷத்துக்கு ஒரு நாடகம் போடும். வருஷத்துக்கு ஒரு தடவை நான் சாவேன். காசநோயில் செத்திருக்கிறேன். கிணற்றில் விழுந்திருக்கிறேன். பாலில் விஷம் இருப்பது தெரிந்தே குடித்திருக்கிறேன். ஒரு வருஷம் எந்த வியாதியும் இல்லாமல், வெறுமனே மனம் உடைந்து செத்தேன். கட்கியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜனம் மூக்கை உறிஞ்சும் சத்தம், செத்துக் கிடக்கும் எனக்கு நன்றாகக் கேட்கும். சமைத்ததை நாலு பேர் ருசித்துச் சாப்பிடும் சத்தம் மாதிரி இருக்கும் அது. திரை விழுந்ததும் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு பக்கவாட்டுக்கு வருவேன். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து கிராம்பு மென்றுகொண்டிருக்கும் அக்கா நிமிர்ந்து பார்ப்பார்.

"செத்துட்டு வந்துட்டியா? காலைக் கொஞ்சம் மடக்கிக்கிட்டுச் சாவக் கூடாதாட்டி? கொலுசு தெரியுது. விதவையாம்லா நீ."

அவ்வளவுதான். கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் குடியிருந்த கோர்ப்படியில் மிச்சமிருக்கும் உறவுக்காரர்கள் யாராவது, இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம் இருக்கத்தான் செய்யும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

குழுவில் நான் சேர்ந்ததற்குக் காரணம் திறமை இல்லை. தமிழ் படிக்கத் தெரிய வேண்டும், மேடை ஏறினால் முகம் தூக்காத புருஷனும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தவள் அக்கம்பக்கத்தில் நான் ஒருத்திதான். கல்யாணமாகி விஷ்ராந்த்வாடிக்குக் குடித்தனம் வந்த புதிதில் சுந்தரேசன் சார் வீட்டுக்கே வந்து என்னை உற்றுப் பார்த்தார். "முகத்துல நல்ல சோகம் இருக்கு" என்றார். அது சோகம் இல்லை. புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் வந்த வயிற்றுவலி. இருந்தாலும் சரி என்றேன்.

சுந்தரேசன் சார் தணிக்கை அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டென்டென்ட். நாடகத்தை எழுதுவதும் அவர், இயக்குவதும் அவர். கும்பகோணத்துக்காரர். "கர்ச்சீப் நனையணும். நனையலேன்னா அது நாடகம் இல்லே, மீட்டிங்" என்பார். அதற்கு அவர் வைத்திருந்த பக்குவம் ரொம்ப எளிது. நல்லவளை ஜனத்துக்குப் பிடிக்க வேண்டுமா? முதல் காட்சியில் அவள் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். கெட்டவனைப் பிடிக்காமல் போக வேண்டுமா? வந்ததும் வராததுமாக அவன் எதையாவது காலால் எத்தினால் போதும். அதன்பிறகு இரண்டரை மணி நேரம் அவன் படுத்துவான், அவள் படுவாள், கடைசியில் போய்ச் சேருவாள். கதாநாயகன் என்று ஒருவன் தேவையில்லை. பூனாவிலேயே பிறந்த பையன்களுக்கு நீளமான தமிழ் வசனம் நாக்கில் நிற்காது. அதனால் என் கணவனாக வருகிறவன், திரை விலகும்போதே போட்டோவாகி, மாலையோடு சுவரில் தொங்கிக்கொண்டிருப்பான்.

மற்றவர்களுக்கும் வசனம் நிற்காதுதான். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. ஒன்றிரண்டு பேர் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். மேடையில் கால் வைத்ததும் அதுவும் மறந்துவிடும். அதனால் எங்கள் குழுவில் உண்மையான நாடகம் நடந்தது பக்கவாட்டுத் தட்டிக்குப் பின்னால்தான். அங்கே ஸ்டூலில் அமர்ந்து, சுந்தரேசன் சாரின் கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் அக்கா.

தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக்கொடுக்கும் ட்ரங்க் கால் ஆபரேட்டர் அவர். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா பட்டாளத்தோடு வந்து கன்டோன்மென்ட்டில் தங்கிவிட்டவர். அக்கா பூனாவிலேயே பிறந்தவர் என்றாலும் பேச்சு அப்படியே திருநெல்வேலிதான். கோபம் வந்தால் மட்டும் இந்தி கலக்கும். ஷிப்ட் முடிந்து லேடீஸ் சைக்கிளில் நேராக ஒத்திகைக்கு வருவார். நாளெல்லாம் ஹெட்போன் அழுத்தியதில் தலைமுடி நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். அவர் குரல் விசேஷமானது. முதல் வரிசையில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது. மேடையின் மறுகோடியில் நிற்கிறவன் காதுக்குள் மட்டும் நேராகப் போய் உட்காரும். கூடவே கிராம்பு வாசனையும் வரும் என்று நாங்கள் சொல்வோம்.

எக்ஸ்சேஞ்சில் காதில் விழுந்த ஒரு பேச்சையும் வெளியில் சொன்னதில்லை. எவ்வளவோ கிளறிப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை பொதுவாகச் சொன்னார்:

"மாமியாக்காரி மெட்ராஸ்ல இருந்து கத்துவா. மருமக இங்க இருந்து கத்துவா. ஒருத்தி பேசுறத மட்டும் கேட்டா மத்தவளக் கொல்லணும்னு வரும். ரெண்டு பக்கமும் சேத்துக் கேட்டா யாரு மேலயும் கோவம் வராதுளா. கொட்டாவிதான் வரும்."

இப்படிப்பட்டவரை ஒரு சோக நாடகத்துக்கு அருகில் விட்டிருக்கவே கூடாது. சுந்தரேசன் சாருக்கு அது தெரியவில்லை.

அக்காவின் திருவிளையாடல்களை நான் மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். முதலில் புரிந்தது, வில்லனுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும்போது அவர் வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்பது. எனக்கானதை மூச்சுவிட இடமில்லாமல் மளமளவென்று தருவார். வில்லனுக்கு மட்டும் ஒரு கணம் நிறுத்திவிடுவார். அடுத்த வரி தெரியாமல் அவன் மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்ப்பான். கேட்டால் சொன்னார்:

"அவன் யோசிக்கான்னு சனம் நினைச்சுக்கும். யோசிக்கிறவன முழுசா வெறுக்க முடியாதுல்லா?"

அடுத்த வருஷம் என் சாவில் கைவைத்தார். கிணற்றிலிருந்து தூக்கிப் போட்டபிறகு நான் கண் திறந்து, என்னைப் படுத்திய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மன்னித்துவிட்டுச் சாக வேண்டும். சுந்தரேசன் சார் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அந்த இடத்தில் தட்டிக்குப் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. பாதி வசனம்தான் எனக்கு நினைவில் இருந்தது. இரண்டு பேரை மன்னித்ததோடு செத்துப்போனேன்.

"ஏன்க்கா எடுத்துக் குடுக்கல?"

"மன்னிக்கிறவளுவளக் கண்டாலே எனக்கு ஆகாது. சாவுறவ சாவணும். எல்லார் தலையிலயும் பாரத்த ஏத்தி வச்சிட்டுப் போவக் கூடாது."

எங்கள் நிரந்தர வில்லன் செல்லப்பா. கட்கியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். பனைமரத்தில் பாதி உயரம், முகத்தில் பாதி மீசை. அந்த மீசைக்குப் பின்னால் இருந்தது பஞ்சு மாதிரி ஒரு ஆள். மேடையில் என்னை உதைத்துவிட்டு, திரை விழுந்த மறு நொடி, "லகா க்யா தீதி? வலிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டு தைலத்தோடு ஓடிவருவான். அவனுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் காது வழிதான். அக்கா சொன்னது எதுவோ அதுவே அவன் வசனம்.

ஆனால் ஜனத்துக்கு அவன் வருஷம் முழுக்க வில்லன். கட்கி பஜாரில் ஒரு சின்னப் பயல் அவன் முதுகில் கொய்யாக்காயை வீசிவிட்டு, "ஹமாரி அக்கா கோ மார்த்தா ஹை", எங்கள் அக்காவை அடிக்கிறான் என்று கத்திக்கொண்டு ஓடினான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழம்மாள் அவனை அடையாளம் கண்டதும் எழுந்து நின்றே வந்தாள். இதெல்லாம் போகட்டும். அவனுக்குப் பெண் கிடைக்கவில்லை. பூனாவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் எங்கள் நாடகத்தைப் பார்க்கிறவர்கள். வரன் பேசப்போன இடத்தில் ஒரு தாயார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாளாம்: "அந்தப் பொண்ண வருஷா வருஷம் என்ன பாடு படுத்துறான், பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?" அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் பெருமை. அவ்வளவு நன்றாக நடிக்கிறேனே!

அப்புறம் ஔந்த்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பள்ளி ஆசிரியை. பெண்ணுக்குப் பிடித்திருந்தது. அப்பாவுக்கும் சம்மதம். அம்மாதான் இழுத்துக்கொண்டிருந்தாள். வரப்போகிற நாடகத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தாள். செல்லப்பா நேராக சுந்தரேசன் சாரிடம் போய் நின்றான்.

"சார், இந்த சால்... இந்த வருஷம் எனக்கு ரோல் வேணாம் சார். ப்ளீஸ்."

"கல்யாணம் எப்ப வேணா பண்ணிக்கலாம்டா. இந்த மீசைக்கு நான் எங்கே போவேன்?"

செல்லப்பா அக்காவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். அக்கா கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"ஏல, நீ எப்பமும் போல நடி. என் வாயில இருந்து என்ன வருதோ அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் யோசிக்காத. உனக்கு யோசன வராது."

அந்த வருஷக் கதை: அண்ணன் போட்டோவாகிவிட்டான். தம்பி, அதாவது செல்லப்பா, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு விதவை அண்ணியைத் துரத்துகிறான். அண்ணி தெருத்தெருவாக அலைந்து மழையில் நனைந்து சாகிறாள். அவ்வளவுதான் கதை. துரத்தும் காட்சிதான் உச்சம். ஔந்த் அம்மாள் இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாட்சி சொல்ல வந்தவள் போல் உட்கார்ந்திருந்தாள்.

நான் தகரப்பெட்டியோடு மேடை நடுவில் நிற்கிறேன். செல்லப்பா வருகிறான். "வெளியே போ! இந்த வீட்டில் உனக்கு இடமில்லை!" என்று அவன் கர்ஜிக்க வேண்டும். கர்ஜனை வரவில்லை. தட்டிக்குப் பின்னால் மௌனம். செல்லப்பா மீசையைத் தடவினான். தரையைப் பார்த்தான். ஹாலில் ஒரு குழந்தையை யாரோ அதட்டினார்கள். அப்புறம் அந்தக் குரல் வந்தது. எனக்கும் கேட்டது.

"அண்ணி, காலையில இருந்து சாப்பிட்டீங்களா?"

செல்லப்பா விழித்தான். ஒத்திகையில் இல்லாத வரி என்பதால் அதை எப்படிக் கத்துவதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு இயல்பான குரலில், மெதுவாக, கொஞ்சம் தடுமாறிக் கேட்டான்:

"அண்ணி... காலையில இருந்து சாப்பிட்டீங்களா?"

ஹால் அப்படியே அடங்கிப்போயிற்று.

எனக்குத் தெரிந்தது என் வசனம் மட்டும்தான். ஒத்திகையில் எல்லோரும் கைதட்டிய வசனம். தலையை நிமிர்த்தி, கண்ணை உருட்டி, அடிவயிற்றிலிருந்து சொன்னேன்:

"உன் வீட்டுச் சோறு எனக்கு விஷம்!"

ஹாலில் 'ச்சு' கொட்டினார்கள். எனக்காக இல்லை என்பது உடனே தெரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "என்ன வாய் இவளுக்கு" என்றது.

அடுத்து அவன் என் பெட்டியைக் காலால் எத்த வேண்டும். காலைத் தூக்கியும்விட்டான். "காலை எடுல. கையால தூக்கிக் குடு" என்றது குரல். தூக்கிக் கொடுத்தான். "கனமா இருக்கு, பாத்து" என்றது. அதையும் சொன்னான். அதற்குப் பிறகுதான், ரொம்ப நேரம் பொறுத்து, "வெளியே போங்க" வந்தது. அதில் 'ங்க' யாருடைய சேர்க்கை என்று இன்றைக்கும் தெரியாது. அவனே சேர்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

மிச்ச நாடகம் முழுக்க எனக்கு நரகம். என் வசனங்கள் மாறவே இல்லை. சபிக்கிறேன், மண்ணை வாரித் தூற்றுகிறேன், அழுகிறேன். ஒவ்வொரு சாபத்துக்கும் ஜனம் அவன் பக்கம் ஒரு அடி நகர்ந்தது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றியதெல்லாம் வீணாகப் போயிற்று. மழையில் நான் செத்து விழுந்தபோது ஒரு மூக்குகூட உறிஞ்சவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "அந்தத் தம்பிக்கு யாராவது தகவல் சொல்லுங்கப்பா" என்றார்.

கடைசியில் தம்பி வந்து பிணத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்த இடத்தில் அக்கா ஒன்றுமே எடுத்துக்கொடுக்கவில்லை. காதில் ஒரு சொல்லும் விழாமல் செல்லப்பா கை கால் விளங்காமல் நின்றான். பிறகு, என்ன செய்வதென்று தெரியாத எல்லா நல்ல மனிதர்களையும் போல, கண்ணில் பட்ட ஒரு சின்ன வேலையைச் செய்தான். குனிந்து, விலகியிருந்த என் புடவைக் கரையை இழுத்துக் கொலுசை மூடினான்.

அப்போது எழுந்தது அழுகை. என் அத்தனை சாவுகளுக்கும் சேர்த்து அப்படி ஒரு அழுகையை நான் சம்பாதித்ததில்லை. செத்துக் கிடந்த எனக்கு எழுந்து உட்கார்ந்து எல்லோரோடும் சண்டை போட வேண்டும்போல் இருந்தது.

சுந்தரேசன் சார் பக்கவாட்டுக்கு ஓடிவந்தார். அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்திருந்தார்.

"என் நாடகத்தைக் கொன்னுட்டேளே! நீங்க பிராம்ப்டரா, ஆத்தரா?"

"கர்ச்சீப் நனைஞ்சுதா இல்லையா?"

"நனைஞ்சுது. தப்பான ஆளுக்கு நனைஞ்சிருக்கே!"

"கண்ணீர் எல்லாம் ஒரே உப்புதான் சார்" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்டூலை மடக்கினார்.

ஔந்த் அம்மாள் உள்ளே வந்தாள். என்னை ஒரு தூணைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போய், செல்லப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முதல்ல சாப்பிட்டீங்களா தம்பி?" என்றாள். மாசி மாதம் கல்யாணம் நடந்தது. முதல் பந்தியில் எனக்கு மட்டும் பாயசம் வர நேரமாயிற்று.

பாயசத்தோடு நின்றதா? ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் புகுந்தார்கள், கேட்க ஆள் இல்லை. எதிர்வீட்டுக்காரி உறைமோர் கேட்டால் இல்லை என்றாள். என் புருஷனே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "அவன் நல்லவிதமாத்தானே கேட்டான்? நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். அது சுந்தரேசன் சார் எழுதியது என்று கத்தினேன். "இருக்கட்டும். ஆனா ரொம்பப் பொருத்தமா சொன்னே" என்றார்.

கோபத்தோடு கோர்ப்படிக்குப் பஸ் ஏறினேன். அக்கா ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் என்னை வெறுக்குறாங்க அக்கா. யாரைப் பிடிக்கணும், யாரைப் பிடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண உங்களுக்கு யார் உரிமை குடுத்தா?"

"சுந்தரேசனுக்கு யாரு குடுத்தா?"

அக்கா செதில் ஒட்டிய கையைத் தண்ணீரில் அலசினார்.

"இத்தனை வருசம் செல்லப்பா ஏச்சு வாங்கினான். ஒரு வருசம் நீ வாங்கு. கெட்டவளா இருந்து பாரு, ஒண்ணும் ஆவாது. யாரும் வந்து அழுது காட்ட மாட்டாவ, யாரும் வந்து கடுகு, சீனி கேக்க மாட்டாவ. வீடு அமைதியா இருக்கும்." மீனைத் திருப்பிப் போட்டார். "மீன் திம்பியா? திங்க மாட்டேல்லா. சரி, காப்பி போடுதேன்."

கெட்டவளாக இருப்பதைப் பற்றி அவர் அவ்வளவு தெரிந்தமாதிரி பேசியது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சில வருஷம் கழித்து கோர்ப்படிக்காரப் பெண்மணி ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. அக்காவுக்குக் கணவர் இருந்தார். அதே கோர்ப்படியில், இரண்டு தெரு தள்ளி. கல்யாணமாகிச் சில வருஷத்தில் அக்கா ஒரு பெட்டியையும் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை. கணவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் ஆலயப் பாடகர் குழுவில் முதன்மைக் குரல். ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை பாடும்போது நடுவில் குரல் கம்மி, நிறுத்தி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்வாராம். ஆலயம் முழுக்க அவரோடு சேர்ந்து கண்ணைத் துடைக்குமாம். அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்தபடி சரியான ராகத்தில் பாடிக்கொண்டிருப்பாராம்.

"கல் மனசு" என்றாள் அந்தப் பெண்மணி. "ஒரு சொட்டு விடணுமே!"

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழ வழி பிறந்ததும் எங்கள் ஹால் காலியாயிற்று. சுந்தரேசன் சார் ஓய்வு பெற்று மெட்ராஸ் போனார். நேரடியாக வெளியூருக்கு டயல் செய்யும் வசதி வந்து, அக்காவின் வேலையும் சுருங்கிப்போயிற்று. அந்தச் சமயத்தில்தான் அவர் கணவர் படுத்தார். சிறுநீரகக் கோளாறு. கன்டோன்மென்ட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா தினமும் மாலையில் போனார். போகாதிருந்தபோது கல் மனசு என்றவர்கள், இப்போது, "பென்ஷனுக்கு வழி பண்ணுதா" என்றார்கள்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். வார்டு வாசல்வரைதான் விட்டார். உள்ளே இருவரும் ரேடியோவின் சத்தத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது வெளியில் கேட்டது. அவருக்குச் சத்தமாக வேண்டும், அக்காவுக்குக் குறைவாக வேண்டும். கோபமில்லாத, பழகிப்போன சண்டை. வெளியே வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

இரண்டு வாரத்தில் அவர் கணவர் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பெட்டியைக் குழிக்கு அருகில் வைத்திருந்தார்கள். அக்கா வெள்ளைப் புடவையில், நிமிர்ந்து, தபால் நிலைய வரிசையில் நிற்பவர் மாதிரி நின்றார். எல்லோரும் பெட்டியைவிட அவர் முகத்தையே அதிகம் பார்த்தார்கள். நாத்தனார் திடீரென்று மார்பில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உசுரோட இருக்கையில விட்டுட்டுப் போனவ, இப்ப என்னத்தப் பாக்க வந்து நிக்க? எங்க அண்ணன் பாடிப் பாடியே செத்தானே, உன் காதுல விழுந்துச்சா?"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த அமைதியைத் தெரியும். மேடையில் நின்று கேட்டிருக்கிறேன். இந்த இடத்தில் ஒரு விசும்பல், ஒரு சரிவு, நாத்தனாரின் தோளில் ஒரு சாய்வு போதும், மொத்தக் கூட்டமும் அக்கா பக்கம் வந்துவிடும். அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை.

மனைவியோடு வந்திருந்த செல்லப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நரைத்த மீசை துடிக்க ஒரு அடி முன்னால் வைத்து, "பஸ் கரோ! போதும் நிறுத்துங்க! உங்களுக்கு அக்காவப் பத்தி என்ன தெரியும்..." என்று ஆரம்பித்தான்.

"ஏல, சும்மா நில்லு" என்றார் அக்கா. "அவ அண்ணனப் பறிகொடுத்துட்டு நிக்கா. பேசட்டும்."

நாத்தனார் பேசி முடித்தாள். அக்கா குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, கூட்டம் விட்ட வழியில் நடந்து வெளியே வந்தார். நான் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். அவர் கணவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. பழக்கதோஷம், எனக்கு அழுகை தாராளமாக வரும்.

ஆட்டோரிக்‌ஷாவில் ஏறியதும் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டேன்:

"நிஜமா என்னதான் நடந்துது அக்கா? அடிச்சாரா? வேற யாராவது இருந்தாளா?"

"ஒருத்தியும் இல்ல. கை நீட்டுனதும் இல்ல. நல்ல மனுசன்ளா அவரு."

"அப்போ?"

"நானும் நல்லவதான். ரெண்டு பேருக்கும் ஒத்துவரல, அவ்வளவுதான். அவரு வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு மூச்சு முட்டும். நான் இருந்தா அவருக்குப் பாட்டு வராது. தனித்தனியா இருந்தா ரெண்டு பேரும் நல்லா இருந்தோம். இத வச்சு நாடகம் போட முடியுமா, சொல்லு? ஒருத்தனும் டிக்கெட் வாங்க மாட்டான்."

கோர்ப்படி ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். வயதான மராட்டியர். கல்லறைத் தோட்ட வாசலில் ஏறியவர்கள் நாங்கள். ஒருத்தி கண் சிவந்து குலுங்கிக்கொண்டிருக்கிறாள், மற்றவள் நேராக உட்கார்ந்து நாடகம், டிக்கெட் என்று என்னவோ பேசுகிறாள். யாருக்குச் சாவு என்று முடிவு செய்ய அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

"தாயி, ரடூ நகா" என்று என்னிடம் சொன்னார். அழாதீர்கள் தாயி, எல்லாம் ஆண்டவன் செயல் என்று மராட்டியில் ஆறுதல் சொல்லி, சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். செத்தது என் கணவர் இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் தொடையில் கிள்ளினார்.

"சொல்லாத. வாங்கிக் குடி. பாவம், நல்ல மனுசன். சங்கடப்பட்டுருவான்."

குடித்தேன். மிச்சத்தை அக்காவிடம் கொடுத்தேன். காலையிலிருந்து அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டிலை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். பாதித் தண்ணீர் மோவாயிலும் கழுத்திலும் வழிந்து புடவையை நனைத்தது. அப்படியும் நிறுத்தாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் திரும்பி, காற்றிடம் சொல்வதுபோல் மராட்டியில் முணுமுணுத்தார்:

"தண்ணியையும் காலி பண்ணிட்டா."

அக்காவுக்கு மராட்டி நன்றாகவே தெரியும். சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை. தலையை என் தோளில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டிரைவர் அருவருப்போடு கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார். ரயில் வந்தது, ஒவ்வொரு பெட்டியாகப் போயிற்று, கேட் திறந்தது, வண்டி கிளம்பியது. அக்காவின் குலுங்கல் மட்டும் நிற்கவில்லை. என் தோள் நனைந்துகொண்டே வந்தது. தண்ணீர்தான் என்று முதலில் நினைத்தேன்.

டிரைவர் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை.